எண்ணிப் பார்த்தவர்கள்

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தானம் நால்வகை என்பது இவ்வவையில் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் அந்நான்கனுள் ஔடத தானம் என்றவுடன் கண்முன் தோன்றுபவர் ஒரு மருத்துவர். அவர் எதிரே ஒரு நோயாளி. இருவர்க்கும் இடையே ஒரு மருந்து. வீட்டுப் பிள்ளை மருத்துவம் பயில்கிறான் என்றால் உற்றார் உறவினர் பெருமை கொள்வது இக்காட்சியை மனத்தில் வைத்தே. ஆனால், மக்களை நோயாளிகள் ஆகாமலே காக்கும் தொழில் ஒன்றும் உண்டு. அத்தொழிலைச் செய்வோரைப் பொதுச் சுகாதார வல்லுநர் என்பர். திருமணப் பேச்சில் ‘மாப்பிள்ளை என்ன செய்கிறார்?’ என்ற வினாவுக்கு இப்பெயரை விடையாகச் சொன்னால், ‘கொசு மருந்து அடிக்கும் வேலையா?’ என்று திரும்பக் கேட்பாரும் உளர்.

இவர்கள் யார்? என்ன படித்தவர்கள்? எதனை ஆராய்ந்தவர்கள்? விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரத்தில் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரைப் பகுதியே அவ்விடையில் பெரும்பகுதியைச் சொல்லிவிடும்.

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு என்று கணக்கிடுவதும் எண்ணுதல். ஆழ்ந்து சிந்திப்பதும் எண்ணுதல். பொதுச் சுகாதாரம் என்னும் துறையை விளக்க இவ்வொரு சொல் போதும். நோயுற்றவர்களை எண்ணி, அவ்வெண்ணிக்கையை மீண்டும் எண்ணிப் பார்த்தவர்களே இத்துறையை வளர்த்தவர்கள்.

தண்டையார்பேட்டையில் ஒரு கணக்கு

தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை உள்ளது. 1960களில் அங்குப் பெரியம்மை நோயாளிகள் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவரப்பட்டனர். வைசூரி என்று வழங்கிய அந்நோய் வந்த வீட்டு வாயிலில் வேப்பிலை செருகப்பட்டிருந்த காலம் அது. நோயின் பெயரை உரக்கச் சொல்லவும் அஞ்சி, ‘அம்மை வந்திருக்கிறாள்’ என்று தாழ்குரலில் கூறுவர். பிழைத்தவர் முகத்தில் தழும்பு. சிலர்க்குக் கண்பார்வை இல்லை. பலர் பிழைப்பதே இல்லை.

அம்மருத்துவமனையில் பணியாற்றியவர் டாக்டர் ஏ. இராமச்சந்திர ராவ். பெரியம்மைக்கு அன்று மருந்து இல்லை. இன்றளவும் அந்நோய் கண்டோரிடம் பயன்படுத்தி உறுதி செய்யப்பட்ட மருந்து என ஒன்றும் இல்லை. மருந்தில்லாத நோயின் முன் ஒரு மருத்துவர் என்ன செய்ய இயலும்? ஆறுதல் கூறலாம், தாகத்திற்கு நீர் தரலாம், புண் ஆற்றலாம். இவை அனைத்தையும் செய்த ராவ், வேறொன்றையும் செய்தார். வந்த நோயாளி ஒவ்வொருவரையும் பதிவு செய்தார். வயது என்ன? முன்பு அம்மை குத்திக்கொண்ட தழும்பு உண்டா? கொப்புளம் எவ்வகையது? தனித்தனியே எழுந்ததா, தட்டையாகப் படர்ந்ததா, உள்ளே இரத்தம் கசிந்ததா? பெண்ணாயின் கருவுற்றிருந்தாரா? முடிவு என்ன?

இவ்வாறு ஏறத்தாழ 7000 நோயாளிகளின் விவரங்கள் திரண்டன. அவற்றுள் அம்மை குத்திக்கொள்ளாதவர் 3544 பேர். குத்திக்கொண்டவர் 3398 பேர். குத்திக்கொள்ளாதவருள் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இறந்தனர். குத்திக்கொண்டும் நோயுற்றவருள் இறந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர். தடுப்பூசி நன்று என்பதை அதற்கு முன்னும் பலர் சொல்லியிருந்தனர். எவ்வளவு நன்று என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய கணக்குகள் உலகிலேயே மிகச் சில. கருவுற்ற பெண்களையே இரத்தக் கசிவு வகைப் பெரியம்மை மிகுதியாகத் தாக்கிற்று என்பதும் அப்பதிவேடுகளிலிருந்து தெளிவாயிற்று. பெரியம்மையை அவர் வகைப்படுத்திய முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1972இல் பம்பாயில் வெளிவந்த அவரது நூல் உலகெங்கும் அத்துறையினரின் கைந்நூலாயிற்று. 1988இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பெரியம்மை ஒழிப்பு வரலாற்றுப் பெருநூலில், நோயின் இயல்பை விளக்கும் பகுதி பெரிதும் தண்டையார்பேட்டைப் பதிவுகளையே சார்ந்துள்ளது.

மருத்துவமனைக்குள் எண்ணியதோடு அவ்வாய்வு நிற்கவில்லை. நோயாளியின் வீட்டில் உள்ளவர்கள் என்ன ஆனார்கள் என்ற வினா அடுத்து எழுந்தது. ராவும் உடன் பணியாற்றியோரும் 254 குடும்பங்களை ஆராய்ந்து 1968இல் முடிவை வெளியிட்டனர். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், அம்மை குத்திக்கொள்ளாதவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே நோயுற்றனர். குத்திக்கொண்டவருள் நூற்றுக்கு ஒருவர் அளவினரே நோயுற்றனர். ஒருவர் நோயுற்றால் ஊரே அழியும் என்று மக்கள் அஞ்சிய அந்நோய், பெரும்பாலும் நெருங்கிப் பழகியோரையே பற்றியது என்பது இதனால் உறுதிப்பட்டது.

இதன் பயன் என்ன? நாட்டு மக்கள் அனைவர்க்கும் ஒரே காலத்தில் அம்மை குத்தி முடிப்பது இயலாத செயல். நோயாளியை விரைந்து கண்டுபிடித்து, அவரைச் சூழ்ந்துள்ளோர்க்கு மட்டும் உடனே அம்மை குத்தி வேலி கட்டுவது இயலும் செயல். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரியம்மையை இறுதியாக வென்றது இந்தக் கண்காணிப்பு முறையே. அம்முறைக்கு வலுச் சேர்த்த சான்றுகளுள் தண்டையார்பேட்டைக் கணக்கும் ஒன்று. இந்தியாவில் 1975 மே மாதத்திற்குப் பின் அந்நோய் இல்லை. 1980 மே மாதத்தில் உலகமே அதனினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

கடல் கடந்து வந்தவர்கள்

ராவின் மருத்துவமனைக்கு அயல்நாட்டு அறிஞர்களும் வந்தனர். அவர்கள் எத்துறையினர் என்று பார்ப்பது இவ்வுரையின் பொருளுக்கு மிகவும் பொருந்தும்.

அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வந்த ஹென்றி கெம்ப் ஒரு குழந்தை மருத்துவர். அம்மை குத்திக்கொண்டவரின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதத்தை, நோயாளியுடன் பழகியோர்க்குச் செலுத்தினால் நோய் குறையுமா என்று அவர் ஆராய்ந்தார்; குறைந்தது. இதே கெம்ப்தான் 1962இல், பெற்றோராலேயே அடித்துத் துன்புறுத்தப்படும் குழந்தைகளைப் பற்றிப் பல மருத்துவமனைகளிலிருந்து விவரம் திரட்டி எழுதி, மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தவர். பெரியம்மைக்கும் குழந்தை வதைக்கும் என்ன தொடர்பு? நோய்கள் வேறு, கேட்ட மனம் ஒன்று. தனித்தனி வீடுகளின் துயரமாகக் கருதப்பட்டதை, ‘இப்படி எத்தனை?’ என்று கேட்ட மனம் அது.

இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து வந்த ஆலன் டௌனி ஒரு நுண்ணுயிரியல் பேராசிரியர். நோயாளியின் மூச்சில் கிருமி எவ்வளவு, படுக்கை விரிப்பில் எவ்வளவு என்று அளந்து பார்ப்பது அவர் நாட்டம். ராவும் கெம்பும் பங்குகொண்ட அவ்வாய்வு 1965இல் வெளியாயிற்று. படுக்கைத் துணிகளில் கிருமி மிகுதி. சூழ்ந்த காற்றிலோ அரிதாகவே அகப்பட்டது. மூன்றாமவர் டென்னிஸ் பாயர், மருந்து நிறுவன ஆய்வுக்கூடத்தின் நச்சுயிரியலாளர். அவர் கண்டறிந்த மருந்தைச் சென்னையில் 1963இல் நோயாளியுடன் பழகியோர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். மருந்து உண்ட 1101 பேருள் 3 பேரே நோயுற்றனர்; உண்ணாத 1126 பேருள் 78 பேர் நோயுற்றனர். இமாலய வெற்றி என்றே தோன்றியது. ஆயினும், பின்னர் மேலும் கண்டிப்பான முறையில் செய்த சோதனைகளில் அத்துணைப் பெரும்பயன் காணப்படவில்லை. தமக்கு இனிய முடிவாயினும் மீண்டும் சோதிப்பதும், பொய்த்தால் ஒப்புக்கொள்வதும் இத்துறையின் நெறி. மருந்தின் புகழைக் காட்டிலும் மக்களின் உயிர் பெரிதென்று கருதுவோர்க்கே அந்நெறி கைகூடும்.

குழந்தை மருத்துவர், நுண்ணுயிரியலாளர், ஆய்வுக்கூட அறிஞர், தொற்றுநோய் மருத்துவர் என வெவ்வேறு கல்வி பெற்றவர்கள் தண்டையார்பேட்டையின் ஒரே கூடத்தில் ஒரே நோயைப் பார்த்தனர். அவரவர் கல்விக்கேற்ப அவரவர் கேள்வி அமைந்தது. கேள்விகள் பலவாக இருந்ததனால் நோயின் முழு உருவம் தெரிந்தது.

மருத்துவர் அல்லாதவர்கள்

இத்துறையினர் அனைவரும் மருத்துவரே என்று கொள்வதும் பிழை. சென்னை நகரில் காலராவைக் குறைத்த பெருமையில் பெரும்பங்கு பொறியாளர்களைச் சாரும். பொறியாளர் பிரேசர் வகுத்த திட்டத்தால் 1872இல் கொசஸ்தலை ஆற்று நீர் சோழவரம் வழியாகப் புழல் ஏரிக்கு வந்து நகருக்குக் கிடைத்தது. நீர் வந்ததேயன்றித் தூய்மை வரவில்லை. மாநகராட்சிப் பொறியாளர் மேட்லி காலத்தில், 1914இல், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் இயங்கத் தொடங்கின. தியாகராய நகரில் மேட்லி சாலையைக் கடப்போருள் எத்தனை பேர் அப்பெயருக்குரியவரை நினைக்கின்றனர்? அவர் ஒரு நோயாளியின் நாடியையும் பிடித்துப் பார்த்தவரல்லர். குழாயின் சரிவையும் மணலின் பருமனையும் கணக்கிட்டவர்.

ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்பவரின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. மருத்துவம் பயில விரும்பிய அவரைக் காசநோய் படுக்கையில் தள்ளிற்று. மருத்துவக் கனவு கலைந்தது. படுத்தவாறே அஞ்சல்வழியில் பொருளியல் பயின்று பட்டம் பெற்று, புள்ளியியலாளர் ஆனார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன் தரும் என்பதை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்து 1948இல் வெளியான ஆய்வின் முறையை வகுத்தவர் அவரே. எந்நோய் அவரை மருத்துவராக விடாமல் தடுத்ததோ அந்நோயைக் கணக்கினால் வெல்ல அவர் வழி காட்டினார்.

அந்த ஆய்வு முறை 1956இல் சென்னைக்கு வந்தது. சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தை வழிநடத்த வந்தவர், வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கிலேய நெஞ்சக நோய் மருத்துவர். காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, காற்றோட்டமான சானடோரியத்தில் மாதக் கணக்கில் வைத்து, நல்லுணவும் ஓய்வும் தர வேண்டும் என்பதே அன்றைய கொள்கை. ஏழைக்கு அது எட்டாக்கனி. நெரிசலான வீட்டில், எளிய உணவோடு, வேலைக்கும் சென்றுகொண்டு மருந்து மட்டும் உண்டால் குணமாகுமா? ஏறத்தாழ 200 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். வீட்டில் மருந்துண்டோரும் சானடோரியத்தில் இருந்தோரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியது. தந்தையைப் பிரிந்து தவிக்க வேண்டிய நிலை எத்தனையோ பிள்ளைகளுக்கு அதனால் நீங்கிற்று.

அவ்வாய்வில் மருத்துவரோடு புள்ளியியலாளர் இருந்தனர்; அவர்களுள் எஸ். இராதாகிருஷ்ணா குறிப்பிடத்தக்கவர். முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று, புட்டியில் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்த்த சுகாதாரப் பார்வையாளர்களும் இருந்தனர். சந்துக்குள் நடந்த அவர்களின் கால்கள் இல்லையெனில் ஆய்வறிக்கையில் ஓர் எண்கூட நம்பத்தக்கதாக அமைந்திராது.

எண்ணூரில் எண்ணப்படாதவை

இனி, அதே கடற்கரையின் வடமுனைக்கு வருவோர் காண்பது என்ன? 1969 முதல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு நடக்கிறது. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆயினும் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிகிறது. உரம், வேதிப்பொருள், சரக்குப் பெட்டக லாரிகளின் ஓயாத அணிவகுப்பு என எல்லாம் ஒரே இடத்தில். சென்னை நகரின் விளக்கு எரிவதும் வண்டி ஓடுவதும் பெருமளவு இப்பகுதியின் உழைப்பினால். 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதியதால் கொட்டிய எண்ணெயை, மீனவரும் மாணவரும் வாளிகளில் அள்ளினர். 2023 திசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி வலையையும் படகையும் கறுப்பாக்கிற்று. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, உறக்கத்திலிருந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர்.

இத்தகைய நாள்கள் செய்தியாகின்றன. செய்தியாகாத நாள்களின் கணக்கே பொதுச் சுகாதார வல்லுநர்க்கு உரியது. எண்ணூரில் ஒரு தாய் இருமும் குழந்தையை மருத்துவரிடம் கொண்டு செல்கிறாள். மருத்துவர் மருந்து தருகிறார். அது அவர் கடமை. இத்தெருவில் இருமும் குழந்தைகள் எத்தனை பேர், எந்த மாதங்களில், காற்று எத்திசையிலிருந்து வீசும்போது, சாம்பல் படியாத வேறொரு தெருவில் எத்தனை பேர் என்று கேட்பவர் வேறொருவராக இருக்க வேண்டும்.

பெரியம்மையை எண்ணுவதைவிட இது கடினமான பணி. வைசூரி முகத்தில் எழுதிவிட்டுப் போயிற்று; புகை அவ்வாறு கையொப்பம் இடுவதில்லை. மூச்சிளைப்புக்கு ஆலைப் புகையும் காரணமாகலாம். லாரிப் புகை, அடுப்புப் புகை, பீடிப் புகை, ஈரச் சுவர் ஆகியவையும் காரணமாகலாம். ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தறிய ஆண்டுகள் ஆகும். ஆயினும் இயலாத செயலன்று. போரூர் ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்கள் 1285 பேரைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் சுவாசித்த காற்றின் நுண்துகளை அளந்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். துகள் மிக மிகப் பிறக்கும் குழந்தையின் எடை குறைகிறது என்பது அதன் சாரம். கருவிலுள்ள குழந்தையின் தட்டில் காற்றும் கைவைக்கிறது என்பதை எண்ணிக் காட்டிய ஆய்வு அது.

எண்ணிக்கை இல்லாத இடத்தில் நிகழ்வது யாது? ஆலைத் தரப்பினர் ‘ஆதாரம் எங்கே?’ என்பர். குடியிருப்போர் ‘எல்லா நோயும் ஆலையால்’ என்பர். இரண்டும் மோதும், இடையில் குழந்தை இருமிக்கொண்டே இருக்கும். இரு தரப்பும் மறுக்க இயலாத நேர்மையான கணக்கு ஒன்றே வழக்கைத் தீர்க்கும். அக்கணக்கைச் செய்வதற்கு ஆள் வேண்டும்.

இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி மருத்துவமனையின் வரலாறும் இதனையே உணர்த்தும். 1782இல் பஞ்சத்தில் வாடியோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் வேர். 1970களில் அங்கு டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித்துறை வளர்த்தார். இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்த எத்தனையோ தொழிலாளர் கைகள் அங்கே மீண்டும் உழைக்கக் கற்றன. கையைத் தைப்பது அறுவைச் சிகிச்சை வல்லுநரின் திறன். எந்த இயந்திரம், பணியின் எத்தனையாவது மணிநேரம், காப்புக் கவசம் இருந்ததா என்று கணக்கெடுத்து, அடுத்த கை சிக்காமல் தடுப்பது தொழில்நல வல்லுநரின் திறன். ஒரு நகரத்திற்கு இருவரும் வேண்டும்.

இளையோர்க்கு

இவ்வவையிலுள்ள மாணவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளலாம். இத்துறைக்கு வாயில் ஒன்றன்று, பல. மருத்துவம் பயின்றோர்க்குச் சமூக மருத்துவத்தில் மேற்படிப்பு உண்டு. 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம் இது. மருத்துவ சேவையினின்று தனித்த பொதுச் சுகாதாரத் துறையும் அதற்கென அலுவலர் வரிசையும் இங்கு உண்டு. 1999இல் தொடங்கிய தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் சென்னையை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கி வருகிறது. மருத்துவம் கிடைக்கவில்லையே என்று வருந்தும் பிள்ளை, பிராட்போர்டு ஹில்லை நினைக்கலாம். புள்ளியியல், பொறியியல், வேதியியல், சமூகவியல், செவிலியம் ஆகிய எதனைப் பயின்றோர்க்கும் இங்கே இடமுண்டு.

தமிழ் பயின்றோர்க்கும் இடமுண்டு என்றால் சிலர் வியக்கலாம். ஆய்வாளர் வீடு வீடாகச் சென்று கேட்கும் கேள்வித்தாளை எண்ணிப் பாருங்கள். ‘சுவாசக் கோளாறு உண்டா?’ என்று கேட்டால் கடற்கரைக் குப்பத்துப் பாட்டி ‘இல்லை’ என்பார். ‘இளைப்பு வருதா? படி ஏறினா மூச்சு வாங்குதா? ராத்திரி எழுந்து உட்கார்றீங்களா?’ என்று கேட்டால் பத்து ஆண்டு வரலாற்றைச் சொல்வார். சொல் தவறினால் கணக்குத் தவறும். கணக்குத் தவறினால் மருந்தும் சட்டமும் தவறும். கடலின் நிறமும் இறாலின் வரத்தும் மாறுவதை முதலில் காணும் மீனவரின் சொல்லைக் கேட்டறிவதும் இக்கல்வியின் ஒரு பகுதியே.

இத்தொழிலில் புகழ் குறைவு. உயிர் பிழைத்தவர் மருத்துவரைக் கைகூப்பி வணங்குவார். நோயே வராதவர் யாரை வணங்குவார்? தாம் காக்கப்பட்டதை அவரே அறியார். பெறுபவர் அறியாமல் தருவது தானத்தில் உயர்ந்தது என்று போற்றும் மரபினர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இன்று இல்லம் திரும்பியதும் பேரப்பிள்ளைகள் ஒரு சிறு செயல் செய்யலாம். தாத்தா, பாட்டியின் கையைப் பாருங்கள். பெரிய வட்டமாக, குழிந்த தழும்பு ஒன்று தென்படும். அஃது அம்மை குத்திய தழும்பு. 1970களின் இறுதிக்குப் பின் பிறந்தோர் கையில் அத்தழும்பு இல்லை; காசநோய்த் தடுப்பூசியின் சிறு வடு மட்டுமே இருக்கும். அந்தப் பெரிய தழும்பு எப்படி மறைந்தது என்று பிள்ளைகள் கேட்டால், தண்டையார்பேட்டையில் ஒருவர் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்த கதையைச் சொல்லுங்கள். எண்ணூரில் எண்ண வேண்டியவை இன்னும் மீதமிருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.